21 டிகிரியிலும் ஏன் குளிர்கிறது?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஜனவரி இரவு. வெளியே மைனஸ் 10. வீட்டுக்குள் தெர்மோஸ்டாட் 21 டிகிரி காட்டுகிறது. ஜன்னலோரச் சோபாவில் இருக்கும் அம்மம்மா கம்பளியை இழுத்துப் போர்த்துகிறார். எதிரே, உள்சுவரோரம் கதிரையில் பேரன் டீ-ஷர்ட்டோடு இருக்கிறான். இருவருக்கும் நடுவே பத்தடி கூட இல்லை. "21 இருக்கு அம்மம்மா, பாருங்கோ" என்று அவன் சுவரைக் காட்டுகிறான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வயதாகிவிட்டது, அதனால்தான் என்று பேச்சை முடித்துவிடலாம். ஆனால் இருவரையும் இடம் மாற்றி உட்காரவைத்தால், கொஞ்ச நேரத்தில் பேரனும் ஹூடியைத் தேடுவான்.

21 என்பது குறைந்த அளவு இல்லை. வீட்டுக்காரர் வெப்பம் தருகிற வாடகை வீடுகளில் குளிர்காலத்தில் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது ரொறன்ரோ நகர விதி. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியோ 18 டிகிரியைப் பாதுகாப்பான அளவாகச் சொல்கிறது. எண்ணில் குறை இல்லை, உடம்புதான் ஒத்துக்கொள்வதில்லை. உடனே நாம் செய்வது என்ன? 24-க்கு ஏற்றுவது. அதற்கு காஸ் பில் மாதக் கடைசியில் பதில் சொல்லும்; ஜன்னலோரம் மட்டும் அப்படியே குளிரும்.

தெர்மோஸ்டாட் அளப்பது காற்றின் வெப்பநிலையை. அதுவும் அது மாட்டியிருக்கும் இடத்துக் காற்றை மட்டும். உடம்பின் கணக்கு வேறு. நம் தோல் ஏறத்தாழ 33 டிகிரியில் இருக்கிறது. சூடுள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாகத் தன் வெப்பத்தைச் சுற்றிலும் வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். வில்லியம் ஹெர்ஷல் 1800-இல், வெயிலைப் பட்டகத்தால் நிறம் பிரித்து, சிவப்புக்கும் அப்பால் வெளிச்சமே இல்லாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அது ஏறியது. இந்தக் கதிர்கள் பிடிபட்டது அப்படித்தான். நீங்கள் சுவருக்கு அனுப்புகிறீர்கள், சுவர் உங்களுக்கு அனுப்புகிறது. சுவர் 20 டிகிரியில் இருந்தால் போவதும் வருவதும் அதிகம் வித்தியாசப்படாது. பழைய ஒற்றைக் கண்ணாடி ஜன்னலின் உட்புறமோ மைனஸ் 10 இரவில் பூச்சியத்துக்கும் கீழே போய்விடும். அதன் பக்கம் இருக்கும் கன்னமும் தோளும் கொடுப்பது நிறைய, பெறுவது கொஞ்சம். 'ஜன்னலில் இருந்து குளிர் அடிக்குது' என்கிறோம். உண்மையில் ஜன்னலில் இருந்து குளிர் என்று எதுவும் வருவதில்லை; வரவேண்டிய வெப்பம் வராததைத்தான் குளிர் என்று உணர்கிறோம்.

இதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. காற்றோட்டம் இல்லாத அறையில் உடம்பு உணரும் வெப்பநிலை, காற்றின் வெப்பநிலைக்கும் சுற்றியுள்ள பரப்புகளின் சராசரி வெப்பநிலைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். காற்று 21, சுற்றுப் பரப்புகள் 15 என்றால் உடம்புக்கு அது 18. அம்மம்மா உணர்ந்ததுதான் சரி.

'குளிர்கிறது' என்பது ஆளுக்கு ஆள் மாறும் உணர்வாயிற்றே, அதை எப்படி அளந்தார்கள்? டென்மார்க்கின் பொறியியல் பேராசிரியர் ஓலே ஃபாங்கர், அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் கல்லூரி மாணவர்களை வைத்து நடந்த சோதனைகளின் அடிப்படையில் 1970-இல் ஒரு நூல் எழுதினார். மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி உடை. எல்லாவற்றையும் கட்டுப்படுத்தக்கூடிய அறையில் மணிக்கணக்காக உட்காரவைத்து, கடுங்குளிரிலிருந்து கடும் சூடு வரையான ஓர் அளவுகோலில் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தனி ஆளின் பதிலை நம்ப முடியாது. நூற்றுக்கணக்கானவர்களின் பதில் ஓர் ஒழுங்குக்குள் வந்தது. ஆறு விஷயங்கள் சேர்ந்து நம் உணர்வைத் தீர்மானிக்கின்றன: காற்றின் வெப்பநிலை, சுற்றுப் பரப்புகளின் கதிர்வீச்சு, காற்று நகரும் வேகம், ஈரப்பதம், உடுப்பு, உடலுழைப்பு. தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிந்தது இதில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை ஏற்றுவதற்குத்தான் காசு அதிகம் போகிறது. கையில் காசு குறைவாக இருப்பவர் மற்ற ஐந்தில்தான் முதலில் கைவைக்க வேண்டும்.

காற்று நகர்வதிலிருந்து தொடங்கலாம். ஏனென்றால் மலிவாகக் கிடைக்கும் பெரிய லாபம் அங்கேதான்.

மைனஸ் 10-இல் இருக்கும் காற்று, 20 டிகிரிக் காற்றைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கனமானது. வீட்டுக்குள் இருக்கும் லேசான சூட்டுக்காற்று மேலே எழும்பி, மேல்மாடிக் கூரையில் கிடைக்கும் இடுக்குகளால் வெளியேறும். வெளியேறிய அளவுக்குக் கீழே, பேஸ்மென்ட்டின் இடுக்குகளால் குளிர்காற்று உள்ளே இழுக்கப்படும். குளிர்காலத்தில் முழு வீடும் ஊரில் நம் அடுப்படிப் புகைக்கூடு வேலை செய்த மாதிரியேதான் வேலை செய்கிறது. புகை மட்டும் கண்ணில் படுவதில்லை. இதைப் புகைக்கூட்டு விளைவு என்று சொல்லலாம். வெளியே குளிர் கூடக்கூட இந்த இழுவையும் கூடும். காற்றே வீசாத இரவில் வாசல் கதவின் அடியால் குளிர் ஏன் சீறிக்கொண்டு வருகிறது என்பதற்கு விடை இதுதான்.

இதிலிருந்து ஒரு வினோதமான முடிவு கிடைக்கிறது. வீட்டின் மேல்பாதியில் காற்று வெளியே போகிறது, கீழ்ப்பாதியில் உள்ளே வருகிறது. அப்படியானால் நடுவில் எங்கோ ஓர் உயரத்தில் போவதும் இல்லை, வருவதும் இல்லை. அந்த உயரத்தில் இருக்கும் ஜன்னல் இடுக்கால், காற்று வீசாத நாளில் பெரிய நட்டம் கிடையாது. நாம் கண்ணுக்கு எதிரே இருக்கும் அந்த ஜன்னலைத்தான் முதலில் அடைக்கப் போகிறோம்! அடைக்க வேண்டியது உச்சியையும் அடியையும். உச்சி என்றால் மேல்மாடிக் கூரையிலிருந்து பரணுக்கு ஏறும் சதுர மூடி. அநேக வீடுகளில் அது சும்மா ஒரு பலகையாகச் சட்டத்தின் மேல் கிடக்கும். அதன் விளிம்பைச் சுற்றி ஒட்டும் பஞ்சு நாடாவை ஒட்டி, பலகையின் முதுகில் ஒரு ஃபோம் தகட்டைப் பொருத்தினால் போதும். அடி என்றால் பேஸ்மென்ட்டில் கொங்கிரீட் சுவர் முடிந்து மரச்சட்டம் உட்காரும் இடம், உடுப்பு உலர்த்தும் மெஷினின் குழாய் சுவரைத் துளைக்கும் இடம், சிங்குக்கு அடியில் குழாய்கள் நுழையும் ஓட்டைகள்.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க நம் வீட்டுச் சாமித்தட்டிலேயே கருவி இருக்கிறது. நல்ல குளிர் நாளாகப் பார்த்து, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸையும் காஸ் தண்ணீர் ஹீட்டரையும் நிறுத்துங்கள். ஜன்னல்களைச் சாத்தி, சமையலறை, குளியலறை விசிறிகளைப் போடுங்கள். விசிறிகள் காற்றை வெளியே தள்ளுவதால் எல்லா இடுக்குகளாலும் வெளிக்காற்று உள்ளே வரப் பார்க்கும். இப்போது ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, திரைச்சீலைகளுக்கு எட்டாமல் பிடித்துக்கொண்டு, வெளிச்சுவரில் இருக்கும் மின் பிளக்குக்கு அருகே கொண்டுபோங்கள். நேராக எழும்பிக்கொண்டிருந்த புகை நூல் சட்டென்று வளைந்து அறைப்பக்கம் படுக்கும். சுவருக்குள் இருந்து காற்று வருகிறது என்பதை நம்பாதவர்களும் அப்போது நம்புவார்கள். பிளக்கின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி அதன் பின்னால் வைக்க, அதே வடிவத்தில் வெட்டிய ஃபோம் தகடுகள் சில டொலருக்குக் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. கழற்றும் முன் பிரேக்கரை அணைக்க மறக்க வேண்டாம். சோதனை முடிந்ததும் ஃபர்னஸையும் தண்ணீர் ஹீட்டரையும் திரும்பப் போடுங்கள்.

வீட்டுச் சோதனையாளர்கள் செய்வதும் இதையேதான், கொஞ்சம் ஆடம்பரமாக. வாசல் கதவுச் சட்டத்தில் துணியை இறுக்கிக் கட்டி, அதில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக்குள் அழுத்தத்தை 50 பாஸ்கல் குறைப்பார்கள். 50 பாஸ்கல் என்பது 5 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்தான். அந்த அழுத்தத்தைத் தக்கவைக்க விசிறி எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறது என்று பார்த்தால், வீட்டின் ஓட்டைகள் மொத்தமும் ஒரே எண்ணாகக் கிடைத்துவிடும். இந்த அளவீடு வீட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்று உலகத்துக்குக் காட்டியதில் கனடாவுக்குப் பங்குண்டு. 1977-இல் சஸ்காச்சுவான் மாகாணத்தின் ரெஜைனா நகரில், ஹரல்ட் ஓர் என்ற பொறியியலாளரும் கூட்டாளிகளும் ஃபர்னஸே இல்லாத வீடு ஒன்றைக் கட்டினார்கள். மைனஸ் 30-ஐ எட்டும் ஊர் அது. தடித்த சுவரும் சூரிய வெப்பமும் அவர்களுக்கு உதவின என்றாலும், காற்று புகாதபடி வீட்டை இறுக்கியதுதான் பிறகு வந்தவர்கள் எடுத்துக்கொண்ட முக்கியப் பாடம். ஜெர்மனியில் பின்னர் புகழ்பெற்ற 'பாசிவ்' வீடுகளுக்கு அது ஒரு முன்னோடி.

எல்லாத் துவாரத்தையும் அடைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஃபர்னஸுக்குக் காற்று வரும் குழாய், புகை போகும் குழாய், கூரை விளிம்பில் பரணுக்கென்றே விட்டிருக்கும் துவாரங்கள், இவை காரணத்தோடு இருப்பவை.

அடுத்தது ஜன்னல். உள்ளே 20, வெளியே மைனஸ் 10 என்றால், ஒற்றைக் கண்ணாடி ஒவ்வொரு சதுர மீட்டராலும் 170 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியே விடும். பஞ்சடைத்த நல்ல சுவர் அதே பரப்பில் விடுவது 10 வாட் அளவுதான். புது ஜன்னல் மாற்ற ஆயிரக்கணக்கில் செலவாகும். பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு அந்த உரிமையும் கிடையாது. ஆனால் 20, 25 டொலருக்குக் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் அந்த இழப்பை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். தாளுக்கு அப்படி என்ன சக்தி? சக்தி தாளில் இல்லை, அது சிறைபிடிக்கும் காற்றில்.

இதைச் சோதித்து எழுதியவர் பெஞ்சமின் தொம்சன். அமெரிக்காவில் பிறந்து, பவேரியா அரசின் ராணுவத்தைச் சீர்செய்யப் போய், ரம்ஃபோர்ட் பிரபு ஆனவர். சிப்பாய்க்கு எந்தத் துணியில் சீருடை தைப்பது என்ற கேள்வி அவர் முன் இருந்தது. ஒரு வெப்பமானியைக் கண்ணாடிக் குடுவைக்குள் தொங்கவிட்டார். சுற்றியுள்ள இடைவெளியில் ஒரு தடவை கம்பளி, ஒரு தடவை பட்டு, பிறகு பருத்தி, முயல் மயிர், வாத்தின் மென்தூவி என்று நிரப்பினார். கொதிநீரில் சூடாக்கி, பனிக்கட்டியில் அமிழ்த்தி, குளிர எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணினார். வெறும் காற்று மட்டும் இருந்தபோது ஆன நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மென்தூவியோடு ஆனது. ஆனால் தூவி குடுவையில் பிடித்த இடம் மிகச் சொற்பம். பெரும்பகுதி அப்போதும் காற்றுதான். அதே காற்று, ஒரு தடவை வெப்பத்தை விரைவாகக் கடத்துகிறது, இன்னொரு தடவை பிடித்துவைக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: தூவிகளுக்கு இடையே சிக்கிய காற்றால் சுழல முடியவில்லை. 1792-இல் இந்த ஆய்வுகளுக்காக லண்டன் ராயல் சொசைட்டியின் கோப்லி பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

நகராத காற்று கண்ணாடியைவிட நாற்பது மடங்கு அளவுக்கு மோசமான கடத்தி. நகரவிட்டால்தான் அது வெப்பத்தைச் சுமந்துகொண்டு போகும். அதனால் இடைவெளியின் அகலம் முக்கியம். தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒன்றேகால், ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. அதைவிட அகலமானால் உள்ளே காற்று சுழலத் தொடங்கி, கூடுதல் அகலத்தின் லாபத்தைத் தின்றுவிடும். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி இருபக்க டேப்பை ஒட்டி, அதில் தாளை ஒட்டியவுடன் பார்த்தால் மனசு விட்டுப்போகும். கசங்கிய சொப்பிங் பை மாதிரி இருக்கும். பிறகு ஹெயார் ட்ரையரால் ஒரு மூலையிலிருந்து மெதுவாகச் சூடு காட்டிக்கொண்டு வந்தால், சுருக்கங்கள் ஒவ்வொன்றாகத் தாளின் விளிம்புக்கு ஓடி மறையும். கடைசியில் விரலால் சுண்டினால் மிருதங்கத் தோல்போல் சத்தம் கேட்க வேண்டும். தளர்வாக இருந்தால், காற்றடிக்கும்போது தாள் புடைத்துச் சுருங்கி, சிறைபிடித்த காற்றை அதுவே கலக்கிவிடும்.

தடித்த திரைச்சீலையும் இரவில் உதவும், ஒரு நிபந்தனையோடு. ஜன்னலுக்குக் கீழே வெப்பக்காற்று வரும் துவாரம் இருந்தால், தரைவரை தொங்கும் சீலை அந்தச் சூட்டை நேரே கண்ணாடிக்கு அனுப்பிவிடும். சீலையின் முனை ஜன்னல் திட்டில் உட்காரும்படி சுருக்குங்கள். சுவரடி மின் ஹீட்டர் உள்ள வீடுகளில் சீலை அதைத் தொடவே கூடாது. அது பில் பிரச்சினை இல்லை, தீப் பிரச்சினை.

வீட்டை இறுக்கினால் உடனே ஒரு பக்கவிளைவு தலைகாட்டும்: ஜன்னல் வேர்க்கும். முன்பு வேர்க்காத ஜன்னல் இப்போது ஏன்? 20 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டரில் 17 கிராம் நீராவி வரை வைத்திருக்கும். மைனஸ் 10 காற்றால் இரண்டேகால் கிராமுக்கு மேல் பெரிதாக வைத்திருக்க முடியாது. ஓட்டை வீட்டுக்குள் அந்த வறண்ட காற்று வந்து சூடேறினால் ஈரப்பதம் 12 சதவீத அளவுக்கு இறங்கும். உதடு வெடிப்பதும் மூக்கு எரிவதும் அதனால்தான். ஓட்டையை அடைத்ததும் நாம் உண்டாக்கும் நீராவி வெளியே போக வழியில்லாமல் போகிறது. சோறு வடிப்பது, புட்டு அவிப்பது, இடியப்பம் அவிப்பது, குளிப்பது, உடுப்பை அறைக்குள் கொடி கட்டிக் காயவைப்பது, எல்லாம் சேர்கிறது. 20 டிகிரியில் 40 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 6 டிகிரியில் இருக்கும் எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகும். அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். கண்ணாடியின் கீழ் விளிம்பும், அலுமாரிக்குப் பின்னால் மறைந்திருக்கும் வெளிச்சுவர் மூலையும்தான் முதலில் அந்த நிலைக்கு இறங்கும். கறுப்புப் பூஞ்சணம் பிடிப்பதும் அங்கேயே. சமைக்கும்போது விசிறியைப் போடுங்கள், சமைத்து முடிந்தும் கொஞ்ச நேரம் ஓடட்டும். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள். இரண்டுக்கும் செலவு கிடையாது என்றே சொல்லலாம்.

இன்னொரு பக்கவிளைவு உயிர் சம்பந்தப்பட்டது. எரியும் எதுவும் போதிய காற்று இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு தரும். அது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2008-இல் ஒன்ராறியோவின் வூட்ஸ்டாக் நகரில், காஸ் கணப்பின் புகைக்குழாய் அடைபட்டதால் ஒரே வீட்டில் நாலு பேர் இறந்தார்கள். அதன் விளைவாக 2013-இல் வந்த சட்டத்தால், எரிபொருள் சாதனம் உள்ள வீடுகளில் இதற்கான எச்சரிக்கை மணி கட்டாயமானது. ஊட்டி, கொடைக்கானல் பக்கமும் பூட்டிய அறைக்குள் கரிக்கங்கு வைத்துத் தூங்கியவர்கள் எழும்பாமல் போனதுண்டு. கரண்ட் போன இரவில் பார்பிக்யூ அடுப்பை உள்ளே கொண்டுவருவதும், சூட்டுக்காக காஸ் அவனைத் திறந்துவைப்பதும் அதே வேலைதான். பட்ஜெட்டில் எதை வெட்டினாலும் அந்த மணியின் பற்றரியை வெட்ட வேண்டாம்.

மின் ஹீட்டர் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 'பாதி மின்சாரத்தில் முழு அறையும்' என்று எழுதியிருக்கும் பெட்டிகளை நம்பத் தேவையில்லை. சுருள் கம்பியில் ஓடும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் முடிகிறது. 1500 வாட் ஹீட்டர் 40 டொலர் ஆனாலும் 400 டொலர் ஆனாலும் தரும் வெப்பம் 1500 வாட்தான். விதிவிலக்கு ஹீட் பம்ப் மட்டும். அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளியிலிருந்து உள்ளே ஏற்றிவிடுகிறது. அதனால் ஒன்றுக்கு இரண்டு, மூன்று பங்கு கிடைக்கும். அது இல்லாதவர்களுக்கு, அறையைச் சூடாக்குவதற்குப் பதில் ஆளைச் சூடாக்குவதே மலிவு. மின் போர்வை பெரும்பாலும் 100 வாட் அளவில் வேலையை முடிக்கும். அம்மம்மாவின் சோபாவுக்கு அதுவே போதும். சோபாவை உள்சுவருக்கு நகர்த்துவது அதையும்விட மலிவு.

இரவில் வெப்பநிலையைக் குறைத்தால், காலையில் திரும்ப ஏற்ற அதைவிடக் கூடுதல் காஸ் போகும் என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் பலமாக இருக்கிறது. போகாது. வீடு இழக்கும் வெப்பம் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. இரவு முழுக்க வீடு 17-இல் இருந்தால் அந்த மணிநேரங்களில் இழப்பு குறைவு. காலையில் ஃபர்னஸ் திரும்பக் கொடுப்பது, இரவில் வீடு குளிர்ந்தபோது அது கொடுக்காமல் விட்ட அதே வெப்பத்தைத்தான். ஹீட் பம்ப் வீடுகளில் மட்டும் பெரிய இறக்கம் வேண்டாம். காலையில் அவசரத்துக்குத் துணைச் சுருள் ஓடத் தொடங்கி லாபத்தைக் கெடுத்துவிடலாம்.

ஆனால் இரவில் இறக்கும்போது தண்ணீர்க் குழாயை நினைவில் வைக்க வேண்டும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது 9 சதவீதம் பருக்கும். அந்தப் பருமன்தான் பனிக்கட்டி இருக்கும் இடத்திலேயே குழாயைப் பிளக்கிறது என்று நினைப்போம். இலினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆய்வாளர்கள் வெப்பக்காப்பு இல்லாத குழாய்களை உறையவிட்டுப் பார்த்தபோது, வெடிப்பு பெரும்பாலும் வேறிடத்தில் வந்தது. பனிக்கட்டி அடைப்பாக நின்று, அதற்கும் மூடிய பைப்புக்கும் நடுவே சிக்கிய தண்ணீரை நெருக்கும். குழாய் கிழிவது அந்த அழுத்தத்தால். பைப்பை நூல்போல் ஒழுகவிட்டால் அழுத்தத்துக்கு வடிகால் கிடைக்கும், அதனால் வெடிக்காது. வெளியே மைனஸ் 7 ஆகும்போதே கவனம் தேவை என்பது அவர்கள் கண்ட எல்லை. ரொறன்ரோ குளிர்காலத்தில் அது சர்வசாதாரணம். குழாய்க்குப் பக்கத்தில் காற்று நுழையும் ஓட்டை இருந்தால் இன்னும் சீக்கிரம் உறையும். ஊதுபத்தியோடு சிங்குக்கு அடியில் குனிய அதுவும் ஒரு காரணம். கடுங்குளிர் இரவுகளில் சிங்குக்குக் கீழுள்ள அலுமாரிக் கதவைத் திறந்துவிடுங்கள்; அறையின் சூடு குழாய்க்கு எட்டும். தோட்டத்து ஹோஸைக் கழற்றி, அதற்கான வால்வை உள்ளே மூடி, வெளிப்பைப்பைத் திறந்தே விடுங்கள்.

இவ்வளவும் செய்தும் குழாய் வெடித்தால், தண்ணீரை நிறுத்தும் பிரதான வால்வை உடனே மூட வேண்டும். அது இங்குள்ள பல வீடுகளில் பேஸ்மென்ட்டில், தெருப்பக்கச் சுவரோரம், மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு அது பூட்டிய ஃபர்னஸ் அறைக்குள் போய்விடுவதும் உண்டு. அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று நவம்பரிலேயே கேட்டு வையுங்கள்.